கடைசிக் கல்லும் பச்சைக் களிம்பும்

(மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும் கலையின் இறுதிக் கட்டம் பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மடக்குச் சவரக்கத்தியை 1000 கிரிட் கல்லில் (கிரிட் எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) தொடங்கி, 4000, 8000 என்று முறையாகத் தீட்டி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கத்தியால் அப்போதே முகம் மழிக்கலாம். அத்தோடு நிறுத்திக்கொண்டு காலம் முழுக்க ஓட்டியவர்கள் ஏராளம். அப்படியிருக்க, அதற்குமேல் இன்னொரு கல் எதற்கு? அந்த ஒரு கல்லைத் தேடிப் பெல்ஜியத்துக்கும் கியோட்டோவுக்கும் ஏன் அலைகிறார்கள்? ஒரு சிட்டிகை பச்சைப் பொடியைத் தோல்வாரில் தடவி நாலு இழு இழுத்தால் அதே வேலை நடந்துவிடாதா?

இந்தக் கேள்விகளைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறேன். என் கட்சி என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக் கல்லால் கூர் வருவதில்லை. கூர் அதற்கு முந்தைய கற்களிலேயே வந்திருக்க வேண்டும். வந்துவிட்ட கூர் உங்கள் தோலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் கடைசிக் கல் முடிவு செய்கிறது. அதனால் கல் வாங்கப் போகிறவர் பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்ப்பதைவிடத் தன் முகத்தையும் தன் கையின் பொறுமையையும் பார்ப்பது மேல். அந்தப் பச்சைப் பொடிக் களிம்பு நல்ல உதவியாள். ஆனால் பொறுப்பு முழுவதையும் அதனிடம் ஒப்படைத்தால் கத்தியின் வடிவத்தையே மெல்ல மாற்றிவிடும். இது எப்படி என்று பார்ப்போம்.

சமையல் கத்திக்கு இல்லாத ஒரு வசதி சவரக்கத்திக்கு உண்டு. கல்லின்மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும். கோணத்தை நம் கை பிடிக்க வேண்டியதில்லை. முதுகின் தடிமனே அதைப் பார்த்துக்கொள்கிறது. முதுகு 5 மில்லிமீட்டர் தடிமன், முதுகிலிருந்து வாய்வரை 17 மில்லிமீட்டர் அகலம் என்றால், இருபக்கச் சரிவும் சேர்ந்து ஏறக்குறைய 17 பாகை. மேலைநாட்டுச் சமையல் கத்திகள் பெரும்பாலும் 30 பாகைக்கு மேலேதான். முதுகு தேயக்கூடாது என்று எலெக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் டேப்பை அதன்மேல் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சுற்று டேப் ஏறத்தாழ ஒரு பாகையைக் கூட்டும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒட்டினால் கடைசிவரை ஒட்டியே தீட்ட வேண்டும். நடுவில் கழற்றிவிட்டால் கடைசிக் கல் வாயின் நுனியைத் தொடவே தொடாது. சரிவின் பின்பகுதியை மட்டும் மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருக்கும். கல் சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேரின் கதை இதுதான்.

இனி நுனிக்கு வருவோம். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் நுனி அரை மைக்ரான் அளவில், சில சமயம் அதற்கும் கீழே இருக்கும். தாடி மயிர் ஒன்றின் விட்டம் நூறு மைக்ரானைத் தொடும். நம் தோலின் மேற்புறத்தில் இருக்கும் இறந்த செல் படலம் பத்திலிருந்து இருபது மைக்ரான். இந்த மூன்று அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கத்தி மயிரை மட்டும் வெட்டுவதில்லை. அந்தப் படலத்தையும் உரசிக்கொண்டே போகிறது. 3 மைக்ரான் துகள் கொண்ட கல் சரிவில் கோடு போடும்போது, அந்தக் கோடு நுனியில் போய் முடிகிற இடத்தில் நுனி பல் பல்லாக நிற்கும். மயிருக்கு அதில் ஒன்றும் குறையில்லை, சொல்லப்போனால் நன்றாகவே வெட்டும். தோல்தான் எரியும். மழித்து முடித்த பத்தாவது நிமிடம் கழுத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால், பல நேரங்களில் காரணம் அங்கேதான்.

2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ரோஷியோலி, தாஹேரி-மூசவி, தாசான் மூவரும் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர் எப்படிச் சவர பிளேடை மழுங்கடிக்கிறது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. மின்னணு நுண்ணோக்கிக்கு உள்ளேயே மயிரை வெட்டிப் பார்த்தார்கள். கண்டது என்னவென்றால், வாய் மெதுவாகத் தேய்ந்து உருண்டு போவதைவிடச் சில்லுச் சில்லாக உடைவதுதான் நடக்கிறது. மயிர் வளைந்துகொடுத்துச் சாய்வாக மாட்டும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத ஓர் இடத்தில் அழுத்தம் குவிந்தால் அங்கே உடைகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது கடையில் விற்கும் பிளேடு. நம்முடையது கார்பன் எஃகு. அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் இரண்டு பாடங்களை நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, மழிப்பதற்கு முன் தாடியை வெந்நீரில் நன்றாக ஊறவைப்பது கத்திக்கும் செய்கிற உபகாரம். இரண்டு, ஆழமான கீறலோடு நிற்கும் வாய் உடையக் காத்திருக்கும் வாய்.

அதனால் கடைசிக் கல்லுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சோதனை. முப்பது மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லூப் ஒன்று இருந்தால் போதும், வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்வார்களே, அந்த வகை. விளக்கைப் பக்கவாட்டில் வைத்துச் சரிவைப் பாருங்கள். 8000-இன் மெல்லிய கோடுகளுக்கு நடுவே எங்காவது ஒன்றிரண்டு தடித்த கோடுகள் நுனிவரை ஓடினால் அவை 1000 கிரிட்டின் மிச்சம். அவற்றை எடுக்கக் கடைசிக் கல்லால் முடியாது. முயன்றால் மூன்று நாள் ஆகும். திரும்பிப் போய் நடுக்கல்லில் எடுத்துவிட்டு வர வேண்டும். அடுத்து, வாயை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்து விளக்கடியில் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது, கறுப்பாகத்தான் தெரியும். எங்காவது வெள்ளைப் புள்ளி மினுக்கினால் அங்கே வாய் மழுங்கியிருக்கிறது. கடைசியாக முன்கை மயிர். தோலைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் கத்தியை நகர்த்தினால், கைப்பிடிப் பக்கத்திலிருந்து மறுமுனைவரை வாயின் எல்லா இடத்திலும் மயிரைப் பிடித்தாவது இழுக்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறாத கத்திக்கு எந்த நாட்டுக் கல்லும் கைகொடுக்காது.

சரி, கற்களுக்கு வருவோம். எண்களைப் பற்றி முதலில் ஒரு எச்சரிக்கை. 8000 என்று போட்ட எல்லாக் கல்லும் ஒன்றல்ல. ஷாப்டன் கம்பெனி தன் கண்ணாடி முதுகுக் கற்களுக்குத் துகள் அளவை அச்சிட்டே கொடுக்கிறது: 5000 கிரிட்டுக்கு 2.94 மைக்ரான், 8000-க்கு 1.84, 16000-க்கு 0.92. நார்ட்டனின் 8000 கல்லுக்குச் சொல்லப்படும் அளவு 3 மைக்ரான். அதாவது நார்ட்டனின் 8000-மும் ஷாப்டனின் 5000-மும் ஏறக்குறைய ஒரே படியில் நிற்கின்றன. ஜப்பானியத் தர நிர்ணயத்தில் 8000 என்றால் 1.2 மைக்ரான். ஒருவர் ‘நான் 8000-லேயே மழிக்கிறேன், சொர்க்கம்’ என்பதும், இன்னொருவர் ‘8000-இல் நிறுத்தினால் ரத்தக்களரி’ என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இருவரும் வேறு வேறு கல்லைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசுகிறார்கள் என்பதைவிடச் சண்டை போடுகிறார்கள் என்பதே சரி.

இயற்கைக் கற்களுக்கு எண்ணே கிடையாது. விற்கிறவர் ஏதாவது ஓர் எண்ணை ஒட்டிவைத்தால் அதை விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு நான் சொல்லக்கூடிய மிகச் சிறந்த உதாரணம் பெல்ஜியத்தின் கோட்டிக்யூல். என் மேசையில் இருப்பது அதில் ஒரு துண்டு. மேற்புறம் இளமஞ்சள், அடிப்புறம் ஊதா கலந்த நீலம். இரண்டும் ஒட்டவைத்தவை அல்ல. பூமிக்குள்ளேயே சேர்ந்து பிறந்தவை. ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சாம், சால்ம்-ஷாட்டோ, லியர்னே ஆகிய ஊர்களைச் சுற்றி, சுமார் 48 கோடி ஆண்டுகள் பழமையான பாறைக்குள் மெல்லிய பட்டைகளாக ஓடுகிறது. பட்டையின் தடிமன் பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். அதனால்தான் மெலிந்த துண்டுகளுக்குப் பின்னால் வேறு ஸ்லேட் பலகையை ஒட்டி விற்பதும் உண்டு. சால்ம்-ஷாட்டோவில் இந்தக் கல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சுரங்கத்தின் ஒவ்வொரு பட்டைக்கும் தனிப்பெயர் உண்டு, லா வெய்னெட், லா ட்ரெஸ்ஸான்ட், லா க்ரோஸ் ப்ளாஞ்ஷ் என்று. ரசிகர்கள் தங்கள் கல் எந்தப் பட்டை என்று ஜாதகம் கணிப்பார்கள். அதில் நேரம் செலவழிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தக் கல்லை வெட்டவைப்பது அதற்குள் இருக்கும் கார்னெட் படிகங்கள், ஸ்பெஸ்ஸார்ட்டைன் என்ற மாங்கனீசு வகை. அளவு 5 முதல் 20 மைக்ரான். இங்கேதான் நியாயமான சந்தேகம் வரும்: 1 மைக்ரான் செயற்கைக் கல்லே போதாது என்கிறவர்கள், 10 மைக்ரான் படிகத்தைக் கொண்டு எப்படி மென்மையான வாய் எடுக்கிறார்கள்? விடை படிகத்தின் வடிவத்தில் இருக்கிறது. கார்னெட் பன்னிரண்டு முகங்கள் கொண்ட, ஏறக்குறைய உருண்டையான படிகம். கல்லின் பரப்பில் அதன் முழு உடலும் வெளியே நிற்பதில்லை. மைக்காச் சேற்றுக்குள் புதைந்து தலையை மட்டும் காட்டும். அகன்ற, மொட்டையான முகம் எஃகில் அகலமான, மிக ஆழமில்லாத கோடு போடுகிறது. துகளின் அளவு ஒன்று, அது போடும் கோட்டின் ஆழம் வேறொன்று. கிரிட் எண்ணை மட்டும் பார்க்கிறவர்கள் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் தண்ணீர் விட்டு, இதே வகைச் சின்னக் கல்லால் மேலே தேய்க்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், மோர் போலக் குழம்பு வருகிறது. இந்தக் குழம்பில் கார்னெட்கள் கல்லைவிட்டு வெளியே வந்து மிதக்கின்றன. இப்போது கத்தியை இழுத்தால் வேகமாக வெட்டும். நாலைந்து இழுப்பிலேயே குழம்பு சாம்பல் நிறமாவதைப் பாருங்கள், அது எஃகுத் தூள். ஆனால் மிதக்கும் துகள்கள் நுனியில் வந்து மோதுவதால், குழம்பு இருக்கும்வரை நுனி ஓர் எல்லைக்கு மேல் கூராகாது. ஆகவே சில இழுப்புக்கு ஒருமுறை விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர். குழம்பு நீர்த்துக்கொண்டே போகும். கடைசியில் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். அந்த நிலையில் இதே கல் வேறு கல்லாகிவிடுகிறது, மிக மெதுவாக, கத்தியின் சொந்தக் கனத்திலேயே வேலை செய்யும். வாய்க்கு முன்னால் தண்ணீர் ஒரு மெல்லிய வரம்பாகத் தள்ளப்பட்டு, பிறகு அது வாயின்மேல் ஏறி ஓட ஆரம்பிக்கிறதே, அதுதான் சரிவு தட்டையாக நுனிவரை கல்லில் உட்கார்ந்திருப்பதற்கு அடையாளம். ஒரே கல்லில் நடுக்கட்டமும் கடைசிக் கட்டமும். இதன் பலம் அதுதான், பலவீனமும் அதுதான். எப்போது நீர்க்க வேண்டும் என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும், எந்தப் புத்தகமும் சொட்டுக் கணக்குச் சொல்ல முடியாது.

கோட்டிக்யூலில் முடித்த வாய் உலகிலேயே கூரான வாய் அல்ல. செயற்கைக் கற்களில் 16000, 20000 என்று போகிறவர்கள் அதைத் தாண்டிவிடலாம். ஆனால் தோலுக்கு அவ்வளவு சாதுவான வாயை நான் வேறு கல்லில் பார்த்ததில்லை. கழுத்தில் எரிச்சல் வருகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இது. ஒரு சிக்கன வழியும் உண்டு: நீள்சதுரமாக வெட்டாத, கோணல் மாணலான துண்டுகளைத் தனியாகக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். சவரக்கத்திக்கு அகலமான கல் தேவையே இல்லை. நாற்பது மில்லிமீட்டர் அகலம் இருந்தால் தாராளம்.

ஜெர்மனியின் துரிங்கியா ஸ்லேட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். ஸ்டைனாக், சோன்னபெர்க் வட்டாரத்தில் வெட்டியெடுத்த கல். சோன்னபெர்க்கின் ஜே.ஜி. எஷர் நிறுவனம் லேபிள் ஒட்டி உலகமெங்கும் அனுப்பியது. மஞ்சள்பச்சை, வெளிர்பச்சை, அடர்நீலம் என்று நிறங்கள். அருமையான கல், பழகுவதும் எளிது. ஆனால் அந்தக் காலத்துச் சுரங்கம் இப்போது இல்லை. பழைய சரக்குதான் கைமாறுகிறது. பக்கவாட்டில் எஷர் லேபிள் கிழியாமல் இருந்தால் விலை எங்கோ போய்விடுகிறது. காகிதத்துக்குக் கொடுக்கிற காசு அது. கத்தி லேபிளைத் தொடுவதே இல்லை.

ஜப்பானியக் கற்கள் தனி உலகம். கியோட்டோவின் வடமேற்கு மலைகளில், நரூதாகி பக்கம், நாகயாமா, ஒசுக்கு போன்ற சுரங்கங்களிலிருந்து வந்த கடைத்தீட்டல் கற்கள். அவற்றில் மிகக் கடினமானவற்றைச் சவரக்கத்திக்கென்று ஒதுக்கினார்கள். இவற்றின் துகள் தீட்டத் தீட்டத் தானும் நொறுங்கி நுண்மையாகும் என்பார்கள். கல்லின்மேல் தேய்க்க நாகுரா என்ற இன்னொரு சிறு கல். மிகாவா பகுதியின் வெள்ளை நாகுராவுக்குப் போதன், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று படிகள் உண்டு; முரட்டிலிருந்து நைஸுக்கு அந்த வரிசையில் போவார்கள். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு குணம். வாங்கும் கல் எப்படி இருக்கும் என்பது தண்ணீர் பட்ட பிறகுதான் தெரியும். நல்ல கல் கிடைத்தால், கூரும் மென்மையும் ஒருசேரக் கிடைக்கும் இடம் இதுதான் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் கல்லாக இதை வாங்குவது காசுக்கும் பொறுமைக்கும் கேடு. ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். (சிரிப்பு)

செயற்கைக் கற்களில் நானிவா 12000 கொஞ்சம் இளகிய கல். கத்தி அதன்மேல் போகும்போது கைக்குப் பிடிமானம் தெரியும், தவறைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் நடுப்பகுதி குழியும். ஷாப்டன் 16000 கடினம், கண்ணாடி மாதிரி வழுக்கும். எதுவானாலும் வைரத் தட்டில் அடிக்கடி தேய்த்துச் சமன்படுத்த வேண்டும். பென்சிலால் கட்டம் போட்டு, கோடு முழுக்க அழியும்வரை தேய்ப்பது பழைய வழி, நல்ல வழி. இதற்கும் கீழே மலிவான ஒன்று இருக்கிறது: கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டித் தீட்டும் 1 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு படலம். ஒளியிழை வேலைக்காகத் தயாராகும் சரக்கு. துகள் அளவு ஒழுங்காக இருக்கும், சமன்படுத்தும் தொல்லை இல்லை. அழகில்லை என்பது தவிர அதன்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

எஃகைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஷெஃபீல்டு கத்திகள் பொதுவாகச் சற்று இளகியவை. ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா கத்திகள் கடினமானவை. இளகிய எஃகும் கோட்டிக்யூலும் நன்றாக ஒத்துப்போகும். கடின எஃகுக்கு அதே கல்லில் நேரம் அதிகம் ஆகும். செயற்கைக் கல் எளிது. ஷெஃபீல்டு என்றதும் நம்மூர்க் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. 1830-இல் பரங்கிப்பேட்டையில் சேலத்து இரும்புத் தாதுவை நம்பி உருக்காலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், அந்தத் தொழில் சரியாகப் போகாமல் ஷெஃபீல்டுக்குப் போய், 1839-இல் மூசை உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அங்கிருந்த உருக்காலைகள் அதை வைத்து நன்றாகச் சம்பாதித்தன. அவருக்குக் கிடைத்தது பல வருட வழக்கு மட்டும். வழக்கு முடிவதற்குள் மனிதர் இறந்தும் போனார். விக்டோரியா காலத்து ஷெஃபீல்டு கத்தி ஒன்று கையில் கிடைத்தால் பரங்கிப்பேட்டையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இனி களிம்பு. பச்சைக் களிம்பு என்பது குரோமியம் ஆக்சைடு. ஓவியர்களின் பச்சை வண்ணப் பொடியிலும் இருக்கிறது, சவரத் தோல்வாரிலும் இருக்கிறது. நல்ல தரத்தில் அரை மைக்ரான், எஃகைவிடக் கடினம். ஆனால் ஹார்டுவேர் கடையில் கட்டியாக விற்கும் பச்சை பாலிஷில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், அதுவும் பெரிய துகளாக. ஸ்டீல் பாத்திரத்துக்கு அது போதும். சவரக்கத்திக்கு சுத்தமான பொடியாகவோ, சவரத்துக்கென்றே தயாரித்த களிம்பாகவோ வாங்குங்கள். நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் சிவப்பு மிக நைஸான இரும்பு ஆக்சைடாக இருக்கும். இன்னொரு கம்பெனியின் சிவப்பு நல்ல பச்சையைவிட முரடாக இருக்கும். டப்பாவில் மைக்ரான் அளவு போடாத களிம்பை நான் வாங்குவதில்லை. வைரத் தூளில் 0.5, 0.25, 0.1 மைக்ரான் என்று கிடைக்கிறது. வைரம் மிகக் கூரான வாயைத் தரும். சிலர் தோலுக்கு அது முரட்டுத்தனமாகப் படும். அப்படிப்பட்டவர்கள் வைரத்துக்குப் பிறகு குரோமியம் ஆக்சைடில் பத்து இழுப்பு இழுத்தால் எரிச்சல் அடங்கும்.

அயோவா அரசுப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் 2004-இல் கத்தி தீட்டுவது பற்றி நீண்ட சோதனை அறிக்கை ஒன்றை எழுதினார். ஒவ்வொரு கட்டத்திலும் வாயை மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்திருக்கிறார். வெறும் தோலில் தீட்டியதால் பெரிய மாற்றம் தெரியவில்லை. குரோமியம் ஆக்சைடு தடவிய தோல் பிசிறைக் குறைத்து வாயைத் தெளிவாக மேம்படுத்தியது. அவர் எடுத்துக்கொண்டது சமையல் கத்திக் கோணங்கள் என்பதால், வெறும் தோல்வாரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தினமும் மழிப்பதற்கு முன் வெறும் தோலில் இழுப்பது சவரக்கத்தியில் வேறு வேலை செய்கிறது. அந்த மெல்லிய வாய் வளைந்திருந்தால் நேராக்குகிறது. ஆனால் களிம்பு எஃகை உண்மையாகவே அரிக்கிறது என்பதற்கு அவர் படங்களைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. வீட்டிலேயே பார்க்கலாம்: பச்சைத் தோலில் பத்து இழுப்பு இழுத்தால் கறுப்புக் கோடுகள் விழும். அது உங்கள் கத்தி.

சிக்கல் தோலில்தான். தோல் இளகியது. கத்தி போகும்போது அடியில் அமுங்கி, வாயைத் தாண்டியதும் மேலே எழும்பும். எழும்புகிற அந்த இடத்தில் நுனியை மட்டும், நாம் நினைப்பதைவிட அதிகக் கோணத்தில் தேய்க்கிறது. ஒருமுறை செய்தால் நல்லது. நுனி பதமாகும், முரட்டுத்தனம் குறையும். அதையே மாதக்கணக்கில் செய்தால் தட்டையான சரிவு முட்டை ஓட்டுபோல் வளைந்துபோகும். கத்தி வெட்டும், ஆனால் மயிரை இழுத்து வெட்டும். அப்போது கல்லுக்குத் திரும்பினாலும் கல் நுனியைத் தொடாது. நம்பாதவர்கள் ஒரு மார்க்கர் பேனாவால் சரிவு முழுக்க மை பூசி, கல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்து, லூப்பில் பாருங்கள். மை நுனியோரத்தில் மட்டும் அப்படியே இருந்தால் களிம்பு எல்லை மீறிவிட்டது என்று பொருள்.

இதைத் தள்ளிப்போட வழி, களிம்பைக் கெட்டியான பரப்பில் தடவுவது. பால்சா மரத்துண்டு நன்றாக வேலை செய்யும். அதன் மெல்லிய நரம்புகள் பொடியைப் பிடித்துக்கொள்ளும், தோலைப்போல் அமுங்காது. பால்சாவைக் கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமன்செய்த பிறகுதான் பொடி போட வேண்டும். பொடி பச்சைச் சாயலாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், விரலுக்குத் தட்டுப்படக் கூடாது. அப்பிவைத்தால் வெட்டும் வேகம் கூடாது, வாய்தான் உருண்டுபோகும். முதுகு முன்னே, வாய் பின்னே. திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்ப வேண்டும். பத்து, பதினைந்து இழுப்பு, கத்தியின் கனம் மட்டும். தினமும் பயன்படுத்தும் தோல்வாரின்மேல் ஒருபோதும் களிம்பு தடவாதீர்கள். ஒருமுறை தோலுக்குள் போன துகளை வெளியே எடுக்க வழி கிடையாது. அதேபோல் 0.5 தடவிய பலகையில் 0.25-ஐத் தடவினால் அது என்றைக்கும் 0.5 பலகைதான்.

எதை வாங்குவது? ஒரே கத்தி, வாரத்தில் நாலைந்து நாள் சவரம் என்றால், ஜப்பானியத் தரத்து 8000 கல் ஒன்று, குரோமியம் ஆக்சைடு போட்ட பால்சா ஒன்று, வெறும் தோல்வார் ஒன்று. முடிந்தது. கத்தி இழுக்க ஆரம்பிக்கும்போது பால்சா. ஐந்தாறு தடவை பால்சாவுக்குப் போய்வந்த பிறகு கல். தோல் எளிதில் சிவக்கிறவர்கள் 8000-க்குமேல் ஒரு கோட்டிக்யூல் துண்டைச் சேர்த்துக்கொண்டு களிம்பை மறந்துவிடலாம். கல்லோடு உட்கார நேரமில்லாதவர்களுக்கு 12000 செயற்கைக் கல்லோ படலமோ. எதை வாங்கினாலும் ஒரு வருடம் அதை மாற்றாதீர்கள். ஒவ்வொரு மாதமும் புதுக் கல் வாங்குகிறவருக்குக் கல்லின் குணமும் தெரியாது, தன் கையின் குணமும் தெரியாது. கடைக்காரருக்கு மட்டும் அவரை நன்றாகத் தெரியும்.

முடிக்கும் முன் சுத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் சலூன்களில் நாற்காலிக் கையில் தொங்கிய தோல்வாரும் முழுக்கத்தியும் போய், பிளேடைப் பாதியாக ஒடித்துப் போடும் கத்தி வந்ததற்குக் காரணம் எச்.ஐ.வி. பற்றிய அச்சம். அந்த மாற்றம் சரியானதுதான். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி வகைகளும் ரத்தத்தின் வழியாகப் பரவக்கூடியவை; கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். எஃகை வேண்டுமானால் ஆல்கஹாலால் துடைக்கலாம். துளை துளையாக இருக்கும் தோலையும் பால்சாவையும் வேகவைக்கவும் முடியாது, மருந்தில் ஊறவைக்கவும் முடியாது. ஊறவைத்தால் தோல்வார் சுருங்கி வீணாகிவிடும். ஆகவே இந்தக் கத்தியும் தோல்வாரும் களிம்புப் பலகையும் ஒரு ஆளுக்கு உரியவை. அண்ணன் தம்பியானாலும் தனித்தனி. பழைய கத்தி வாங்கினால் தீட்டுவதற்கு முன்பே கைப்பிடிக்கு உள்ளேவரை கழுவி, கிருமிநாசினியால் துடைத்துவிடுங்கள். அதோடு வரும் பழைய தோல்வாரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், சுவரில் மாட்டிவையுங்கள்.

மேசையில் மூன்று கத்திகள் இருக்கின்றன: ஒன்று 8000-இல் நிறுத்தியது, ஒன்று கோட்டிக்யூலில் முடித்தது, ஒன்று பால்சாவில் களிம்பு போட்டது. லூப்பும் விளக்கும் இருக்கின்றன. எது எது என்று நான் எழுதிவைக்கவில்லை, பார்த்துச் சொல்லுங்கள். தொங்கும் மயிரில் வெட்டிப் பார்க்கலாம், தோலில் மட்டும் வைக்க வேண்டாம். அதற்குள் யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம்.